நாபிக்கிழங்கும் கரடியின் நாக்கும்

பனிமலை ஒன்றின் நடுச்சரிவில் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. அதன் அருகே ஒரு கரடி வசித்தது. அந்த மலையில் உள்ள விலங்குகளுக்கெல்லாம் அதுதான் வைத்தியர்.

கரடிக்குக் கூச்சம் அதிகம். யாராவது "வைத்தியரே!" என்று கூப்பிட்டால் உடனே பின்னால் திரும்பிப் பார்க்கும். தனக்குப் பின்னால் உண்மையான வைத்தியர் யாரோ வந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொள்ளும்.

"நான் என்ன பெரிய வைத்தியன்? ஊற்று வேக வைக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறேன். பெயர் மட்டும் எனக்கு!" என்று சொல்லும்.

ஆனால் வேலையில் கரடி மிகவும் கண்டிப்பு. இலை என்றால் பழுப்பு இருக்கக் கூடாது. வேர் என்றால் மண் இருக்கக் கூடாது. ஒரு துண்டு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருந்தால் அதற்குத் தூக்கம் வராது.

அந்த மலையில் நாபிச் செடி நிறைய வளர்ந்தது. அதன் பூ நீலம். முக்காடு போட்டுக்கொண்டு தலை குனிந்து நிற்பது போல இருக்கும். பார்த்தால் அவ்வளவு அடக்கம்! ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கொடிய விஷம். பச்சையாகக் கடித்தால் முதலில் உதடு சுருசுருக்கும். பிறகு நாக்கு மரத்துப்போகும். பிறகு நெஞ்சு நின்றுவிடும்.

அதே கிழங்கைத் துண்டு போட்டு, ஓடைத் தண்ணீரில் ஊறவிட்டு, வெந்நீர் ஊற்றில் நன்றாக வேகவிட்டால் விஷம் குறைந்துவிடும். குளிரில் இறுகிப்போன மூட்டுகளுக்கு அதைப் போல மருந்து கிடையாது.

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரே வழி நாக்குதான். ஒரு துண்டை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். சுருக்கென்றால் வேகவில்லை. மறுபடி ஊற்றில் போட வேண்டும்.

"ஒரு நாளைக்கு ஒரு துண்டுதான் பார்க்க வேண்டும். அடுத்த துண்டுக்கு அடுத்த நாள்தான் நாக்கை நீட்ட வேண்டும்" என்று கரடியின் அம்மா சொல்லியிருந்தாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. கரடியும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்!

பனிக்காலம் நெருங்கியது. மலையாட்டுக் கூட்டம் ஒன்று அந்தச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது. பனி விழுவதற்கு முன் அது கணவாயைக் கடந்து அந்தப்பக்கத்துப் புல்வெளிக்குப் போய்விட வேண்டும். பனி மூடிவிட்டால் கணவாய் அடைபட்டுவிடும். இந்தப்பக்கம் தங்கிவிட்ட ஆட்டுக்குத் தின்னப் புல் கிடைக்காது.

அந்தக் கூட்டத்தில் மூத்த ஆடு வளைகொம்பி. அவளுக்கு மூட்டுகள் எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் நொண்டி நொண்டிக் கரடியிடம் வந்தாள்.

"வா அக்கா! கால் எப்படி இருக்கிறது?" என்று கரடி கேட்டது.

"நான்கு கால்களும் நான்கு ஊர்க்காரர்கள் மாதிரி இருக்கின்றன, தம்பி! ஒன்று வருகிறேன் என்கிறது. ஒன்று யோசிக்கிறேன் என்கிறது. மற்ற இரண்டும் பதிலே சொல்வதில்லை!"

"கூட்டம் எப்போது புறப்படுகிறது?"

"நாளைக் காலை. நெட்டையன் சொல்லிவிட்டான். அவன்தான் இப்போது தலைவன். நடக்க முடிந்தவர்கள் வரலாம், முடியாதவர்கள் நிற்கலாம் என்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்! அப்போது எனக்கு முழங்கால் நன்றாக இருந்தது. சட்டம் அருமையாகத் தெரிந்தது!"

வளைகொம்பி சிரித்தாள். கரடிக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து கிடைக்காவிட்டால் அவள் இந்தப்பக்கமே நின்று சாவாள் என்று அதற்குத் தெரியும்.

"கிழங்கு ஊற்றில் வேகிறது அக்கா. மாலைக்குள் பார்த்துக் கொடுக்கிறேன். ஆனால் ஒன்று. இந்த மருந்தின் சூடு ஒரு மலை ஏறும் வரைதான் நிற்கும். இப்போதே தின்றுவிடாதே. நாளை கணவாய் அடிவாரத்துக்குப் போய், ஏறும்போது தின்ன வேண்டும்."

"சரி தம்பி. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

"அப்படிச் சொல்லாதே அக்கா! எனக்குப் பயமாக இருக்கிறது!" என்றது கரடி.

இந்தப் பேச்சையெல்லாம் மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு பிணந்தின்னிக் கழுகு. மிகவும் மரியாதையானவர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் வந்து விசாரிப்பவர் அவர்தான். கடைசி வரை கூடவே இருப்பவரும் அவர்தான்.

மாலை வந்தது. கரடி ஊற்றிலிருந்து துண்டுகளை எடுத்து ஒரு தட்டைக் கல்லின் மேல் வரிசையாக அடுக்கியது. முதல் துண்டை நுனிநாக்கில் வைத்தது.

சுருக்!

"வேகவில்லை" என்று துப்பியது. வழக்கப்படி எல்லாவற்றையும் ஊற்றில் போட்டுவிட்டு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் ஆடுகள் போய்விடும்.

கரடி யோசித்தது. "ஒரு துண்டு வேகவில்லை என்றால் எல்லாத் துண்டும் வேகவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒன்று ஊற்றின் ஓரத்தில் கிடந்திருக்கலாம். இன்னொன்று நடுவில் கிடந்திருக்கலாம். அம்மா கொஞ்சம் சோம்பல். அதனால்தான் ஒரு துண்டோடு நிறுத்தியிருக்கிறாள். அக்காவின் உயிர் விஷயம். நான் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறேன். அதுதான் கவனம்!"

இரண்டாவது துண்டு சுருக்கென்றது. மூன்றாவதும் அப்படித்தான். நான்காவது லேசாகச் சுருக்கென்றது.

"பார்த்தாயா! இது நடுவில் கிடந்தது போலிருக்கிறது!" என்று கரடி மகிழ்ந்தது.

அடுத்தது இன்னும் லேசு. அதற்கடுத்தது இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எல்லாமே பச்சைத் தண்ணீர் போல இருந்தன. ஒரு சுருக்கும் இல்லை!

கரடிக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. அது சந்தேகப் பிராணி அல்லவா? "முதலில் பார்த்த துண்டுகளை மறுபடி பார்த்துவிடுவோம்" என்று அவற்றையும் எடுத்து நாக்கில் வைத்தது. அவையும் சுருக்கென்று சொல்லவில்லை!

"அடடா! கல்லின் மேல் இருந்தே வெந்துவிட்டன! இன்று ஊற்றின் ஆவி அருமையாக வேலை செய்கிறது!" என்று ஊற்றைப் பார்த்துக் கும்பிட்டது.

குழம்பில் உப்புப் பார்க்கிறேன் என்று நாலைந்து தடவை கரண்டியை நக்கியவர்களுக்கு இது புரியும். கடைசித் தடவை உப்பும் தெரியாது, புளியும் தெரியாது. ஆனால் "சரியாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லத் தெரியும். கரடியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் மெதுவாகவே சிரிக்கலாம்.

கரடியின் வாயோரம் எச்சில் ஒழுகியது. அதற்குத் தெரியவில்லை. நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. அதைப் பொறுப்புணர்ச்சி என்று நினைத்துக்கொண்டது.

பாறையின் மேலிருந்து கழுகு எல்லாவற்றையும் பார்த்தது. முதல் துண்டுக்குக் கரடி முகம் சுளித்ததைப் பார்த்தது. கடைசித் துண்டுக்கு வாயில் எச்சில் வழிந்ததையும் பார்த்தது. அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது. மெல்லக் கீழே இறங்கி வந்தது.

"வணக்கம் வைத்தியரே! வேலை முடிந்ததா?"

"முடிந்தது கழுகாரே. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இன்னொரு சுற்றுப் பார்க்கட்டுமா?"

"எதற்கு? இவ்வளவு பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்க்கிற வைத்தியரை நான் எந்த மலையிலும் பார்த்ததில்லை! உங்கள் நாக்கு நாக்கா? அது தங்கம்!"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லை" என்று கரடி தலையைக் குனிந்துகொண்டது. ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. பெருமை பிடிக்காதவர்களுக்குப் பெருமை கிடைத்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியாது. கரடி அதை வயிற்றில் வைத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டது.

போவதற்கு முன் துண்டுகளை ஓர் இலையில் கட்டி வளைகொம்பியிடம் கொடுத்தது.

"நன்றாகப் பார்த்தாயா தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"ஒவ்வொரு துண்டையும் பார்த்தேன் அக்கா!"

"அம்மாடி! உன் அம்மாகூட இவ்வளவு பார்க்க மாட்டாள்."

"அதைத்தான் நானும் நினைத்தேன்" என்றது கரடி.

பொழுது விடிந்தது. ஆடுகள் கணவாய் அடிவாரத்தை நோக்கிப் புறப்பட்டன. கரடியோ எதிர்ப்பக்கத்துப் பாறைச் சுவருக்குப் போனது. அங்கே மலைத்தேனீக்கள் பெரிய கூடு கட்டியிருந்தன. பனிக்காலம் முழுக்கத் தூங்கப்போகிற கரடிக்கு வயிறு நிறையத் தேன் வேண்டும்.

கரடி கூட்டில் நாக்கை விட்டு ஒரு வாய்த் தேன் எடுத்தது. அதன் முகம் மாறியது.

"சீ! என்ன தேன் இது? களிமண்ணைக் கரைத்து வைத்திருக்கிறீர்களா?"

தேனீக்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன சொன்னாய்? பூப்பூவாக அலைந்து சேர்த்த தேனைக் களிமண் என்கிறாயா? திருடுவதும் திருடுகிறாய், குறையும் சொல்கிறாயா?"

"உள்ளதைச் சொன்னால் கோபப்படுகிறீர்களே! இதில் இனிப்பே இல்லை!"

"இனிப்பு இல்லையா? இந்தா, காரம் இருக்கிறதா பார்!" என்று தேனீக்கள் பாய்ந்தன. ஒன்று மூக்கில் கொட்டியது. ஒன்று நீட்டிய நாக்கில் கொட்டியது.

"ஐயோ, மூக்கு! ஐயோ, மூக்கு!" என்று கரடி கத்தியது.

நாக்கில் கொட்டிய தேனீக்கு அவமானமாகிவிட்டது. "நான் கொட்டியதற்கு ஒரு ஐயோ கூட இல்லையா?" என்று கேட்டது.

"நீ எங்கே கொட்டினாய்?"

"நாக்கில்! நட்டநடு நாக்கில்!"

கரடி கத்துவதை நிறுத்திவிட்டது. மூக்கு துடித்தது. நாக்கில் ஒன்றுமே இல்லை. பல்லால் நாக்கைக் கடித்துப் பார்த்தது. யாருடைய நாக்கையோ கடித்தது போல இருந்தது.

தேன் களிமண் இல்லை. நாக்குதான் களிமண்!

அப்போதுதான் அம்மா சொன்னதன் காரணம் கரடிக்குப் புரிந்தது. நாபியைத் தொட்ட நாக்கு மரத்துப்போகும். மரத்த நாக்குக்கு அடுத்த நாபி தெரியாது. முதல் துண்டு சொன்னது மட்டும்தான் உண்மை. மற்றவையெல்லாம் செத்த நாக்கு சொன்ன பொய்!

"அக்கா!" என்று கரடி அலறியது. கணவாய் தொலைவில் தெரிந்தது. வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகள் அடிவாரத்தை நெருங்கிக்கொண்டிருந்தன. கரடி என்னதான் ஓடினாலும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேராது.

அந்த நேரத்தில் தலைக்கு மேலே கழுகு பறந்து வந்தது. கணவாய்ப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. நல்ல உற்சாகத்தில் இருந்தது.

"கழுகாரே! கழுகாரே! கொஞ்சம் நில்லுங்கள்!"

கழுகு ஒரு பாறையில் இறங்கியது. "சொல்லுங்கள் வைத்தியரே. கொஞ்சம் அவசரம். அக்காவை வழியனுப்பப் போகிறேன்."

"அந்த மருந்து வேகவே இல்லை! என் நாக்கு மரத்துப்போயிருந்தது. நீங்கள் பறந்து போய் அக்காவைத் தின்ன வேண்டாம் என்று சொல்லுங்கள்!"

"அப்படியா! கேட்கவே வருத்தமாக இருக்கிறதே" என்றது கழுகு. அதன் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை.

கரடி அதை உற்றுப் பார்த்தது. "உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"நேற்றே தெரியும். வாயில் எச்சில் ஒழுகியதே! சொன்னால் உங்கள் மனம் புண்படும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்."

"என் நாக்கு தங்கம் என்றீர்களே!"

"நான் மரியாதைக்குச் சொன்னேன். நீங்கள் நம்பியதற்கு நான் என்ன செய்வேன்?"

கரடிக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? ஏமாற்றியவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். மீதி எல்லாவற்றையும் கரடியே செய்தது. அதை நினைத்ததும் அதற்குத் தன் மேலேயே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க நேரமில்லை. அது வேகமாக யோசித்தது.

"சரி, கழுகாரே. போய்ச் சாப்பிடுங்கள். ஒரே ஒரு கேள்வி. நீங்கள் சாப்பாட்டை எங்கிருந்து தொடங்குவீர்கள்?"

"வயிற்றிலிருந்து. எங்கள் வம்சத்தில் அதுதான் முறை. அதுதான் மிருதுவாக இருக்கும்."

"நான் கொடுத்த துண்டுகள் அப்போது எங்கே இருக்கும்?"

கழுகு வாயைத் திறந்தது.

"வயிற்றில்..." என்றது மெதுவாக.

"நாபி ஆட்டைக் கொன்றதோடு களைத்துப்போய்விடாது. யார் தின்றாலும் வேலை செய்யும். அதற்கு மரியாதை எல்லாம் தெரியாது!"

கழுகின் கழுத்தில் இருந்த நாலு இறகும் நட்டுக்கொண்டன. "இதை நேற்றே சொல்லக் கூடாதா வைத்தியரே! நானும் ஒரு பைத்தியக்காரன்! தானாகச் சாகிறவர்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற தொழிலில் இருந்துகொண்டு, சீக்கிரம் வேண்டும் என்று ஆசைப்பட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டது. மறுநொடி கணவாயை நோக்கிக் கல்லாகப் பாய்ந்தது.

கரடியும் ஓடியது. ஓடுவது போதவில்லை என்று தெரிந்ததும் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சரிவில் உருள ஆரம்பித்தது.

அடிவாரத்தில் ஆடுகள் நின்றிருந்தன. வளைகொம்பி இலைக்கட்டைப் பிரித்து வைத்திருந்தாள். கழுகு தலைக்கு மேலே வந்து அலறியது.

"தின்னாதே! அதைத் தின்னாதே! செத்துப்போவாய்!"

ஆடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு சிரித்தன.

"கேட்டீர்களா? நாம் செத்துவிடக் கூடாது என்று கழுகு கவலைப்படுகிறது!" என்றான் தலைவன் நெட்டையன்.

"சத்தியமாகச் சொல்கிறேன்! அது விஷம்!"

வளைகொம்பி யோசித்தாள். "நான் நடந்தால் இதற்குச் சாப்பாடு போய்விடும். அதனால்தான் தின்னாதே என்கிறது. அப்படியானால் இது மிக நல்ல மருந்தாகத்தான் இருக்க வேண்டும்!" என்றாள். அவள் யோசித்ததில் ஒரு தப்பும் இல்லை. கழுகு அதுவரை நடந்துகொண்ட விதத்தில்தான் தப்பு.

கழுகு வேறு வழியில்லாமல் பாய்ந்து இலைக்கட்டைக் கால்களால் பற்றியது. நெட்டையன் ஒரே முட்டு முட்டினான். கழுகு ஒருபக்கம் விழுந்தது. கட்டு அவிழ்ந்து துண்டுகள் தரையில் சிதறின.

"தின்னுங்கள் அத்தை! மறுபடி வருவதற்குள் தின்னுங்கள்!" என்றான் நெட்டையன்.

வளைகொம்பி குனிந்து ஒரு துண்டை உதட்டால் கவ்வினாள்.

அப்போது மேலேயிருந்து ஒரு பெரிய கரும்பந்து உருண்டு வந்தது. ஆடுகள் சிதறி ஓடின. பந்து வளைகொம்பியின் காலடியில் வந்து நின்று கரடியானது. மூக்கு வீங்கியிருந்தது. உடம்பெல்லாம் முள்.

"துப்பு அக்கா! துப்பு!"

வளைகொம்பி துப்பினாள். அவள் உதடு அதற்குள் சுருசுருக்க ஆரம்பித்திருந்தது. கரடி அவளை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போய் வாயைக் கழுவ வைத்தது. மறுபடியும் கழுவ வைத்தது. பிறகுதான் உட்கார்ந்தது.

"என்ன நடந்தது?" என்று நெட்டையன் அதட்டினான்.

கரடி சுற்றிலும் பார்த்தது. அத்தனை ஆடுகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு பேருக்கு முன்னால் பேசவே கூச்சப்படுகிற கரடி அது. வேகாத துண்டு ஒன்று தெரியாமல் கலந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கழுகு மாற்றிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"தப்பு என்னுடையது" என்றது கரடி. "நேற்று முதல் துண்டைப் பார்த்தபோதே வேகவில்லை என்று தெரிந்தது. அதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் என் வாயில் நாக்கே இல்லை. இல்லாத நாக்கை நீட்டி, எல்லாம் வெந்துவிட்டது என்று சொன்னேன். ஊற்றுக்கு ஒரு கும்பிடும் போட்டேன். காலையில் தேனைக் களிமண் என்று சொல்லித் தேனீயிடம் கொட்டு வாங்கினேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது."

ஓர் ஆடு சிரித்தது. பிறகு எல்லா ஆடுகளும் சிரித்தன. கரடியின் வீங்கிய மூக்கைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு அதிகமானது.

"ஆக, நீ அவ்வளவு கவனமாக இருந்ததால் நான் சாகப் பார்த்தேன்!" என்றாள் வளைகொம்பி.

"ஆமாம் அக்கா. ஒரு துண்டைப் பார்த்துவிட்டுச் சோம்பலாகப் படுத்திருந்தால் உனக்கு ஓர் ஆபத்தும் இல்லை!"

வளைகொம்பியும் சிரித்துவிட்டாள். ஆனால் நெட்டையன் சிரிக்கவில்லை. அவன் வானத்தைப் பார்த்தான். கணவாயின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"சிரித்தது போதும். பனி வரப்போகிறது. இப்போதே ஏற வேண்டும். மருந்து இல்லை. அத்தை..." என்று சொல்லி நிறுத்தினான்.

வளைகொம்பி தலையை ஆட்டினாள். "சட்டம் எனக்குத் தெரியும். போங்கள்" என்றாள்.

ஆடுகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. கழுகு ஒரு பாறையில் போய் உட்கார்ந்து இறகைக் கோதியது. விஷம் இல்லாமல் குளிரில் சாகிற ஆடு அதற்கு எந்தத் தொந்தரவும் செய்யாது. அது பழைய மரியாதையோடு வளைகொம்பியைப் பார்த்துத் தலை வணங்கியது.

கரடி எழுந்தது.

"அக்கா, மருந்து உன்னை மேலே ஏற்ற வேண்டும். அவ்வளவுதானே? மருந்து செய்யாத வேலையை வைத்தியன் செய்கிறேன். முதுகில் ஏறு!"

"பைத்தியமா உனக்கு? கரடி எங்காவது கணவாய் ஏறுமா? பனி விழுந்தால் உன் குகைக்கு எப்படித் திரும்புவாய்?"

"அந்தப்பக்கம் குகையே இல்லையா? தூங்குகிறவனுக்கு எந்தப்பக்கமாக இருந்தால் என்ன? ஏறு அக்கா. என் நாக்குதான் சரியில்லை. முதுகு நன்றாகத்தான் இருக்கிறது!"

வளைகொம்பி ஏறிக்கொண்டாள். கரடி நடந்தது. அதற்கு உயரம் என்றால் பயம். அதனால் கண்ணை மூடிக்கொண்டே நடந்தது. மேலேயிருந்து அவள் வழி சொன்னாள்.

"இடதுபக்கம் தம்பி! இடதுபக்கம்! அது உன் வலதுபக்கம்!"

"தெரியும் அக்கா! சும்மா சரிபார்த்தேன்!"

"இனி நீ எதையும் சரிபார்க்காதே! நான் சொல்வதை மட்டும் கேள்!"

கழுகு கூடவே பறந்து வந்தது. "ஒருவேளை இரண்டு பேரும் கால் தவறி விழுந்துவிட்டால், உங்கள் வயிற்றில் நாபி எதுவும் இல்லையே, வைத்தியரே? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்றது.

"நாக்கில் நிறைய இருக்கிறது. முதலில் அதைச் சாப்பிடுங்கள்!" என்றது கரடி.

கழுகு பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போய்விட்டது.

பனி விழத் தொடங்கியபோது அவர்கள் கணவாயின் உச்சியில் இருந்தார்கள். பனி கனத்தபோது அந்தப்பக்கத்துப் புல்வெளியில் இருந்தார்கள். கரடி வளைகொம்பியை இறக்கி விட்டது. அருகில் இருந்த ஒரு பொந்தில் தலையை நுழைத்தது. உடம்பு பாதி வெளியே இருந்தது. அப்படியே தூங்கிவிட்டது. குளிரில் அது விறைத்துப்போகாமல் இருக்க, வெளியே இருந்த பாதியைச் சுற்றி ஆடுகள் முறை வைத்துப் படுத்துக்கொண்டன. முதல் முறை நெட்டையனுடையது.

அடுத்த ஆண்டு கரடியும் ஆடுகளும் திரும்ப இந்தப்பக்கம் வந்தன. மறுபடி குளிர் வந்தது. வளைகொம்பிக்கு மறுபடி மூட்டு பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் ஒரு முள்ளம்பன்றி புதிதாக வைத்தியம் பார்க்க வந்திருந்தது.

"என் கைமருந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை! ஒரே ஒரு தடவைகூட!" என்று அது முள்ளைச் சிலுப்பிக்கொண்டு சொன்னது.

"அத்தை, இவரிடமே வாங்கிக்கொள்ளலாமே. கரடியிடம் போனால் என்ன ஆகும் என்று பார்த்தோமே" என்றான் நெட்டையன்.

வளைகொம்பி முள்ளம்பன்றியை மேலும் கீழும் பார்த்தாள். "தவறினால் இவர் எப்படி ஓடி வருவார் என்று எனக்குத் தெரியாதே, நெட்டையா" என்றாள். பிறகு நொண்டி நொண்டி ஊற்றுப் பக்கம் போனாள்.

கரடி நுனிநாக்கில் ஒரு துண்டை வைத்துத் துப்பிவிட்டு, "சுருக்கென்றது அக்கா. நாளைக்கு வா" என்றது.

மறுநாள் போனாள். "இன்றும் சுருக்கென்றது. நாளைக்கு வா."

அதற்கும் மறுநாள் போனாள். "இன்றும்தான்."

"உன்னிடம் வருகிற அலைச்சலிலேயே என் மூட்டு சரியாகிவிடும் போலிருக்கிறது!" என்று திட்டிக்கொண்டே அவள் திரும்பி நடந்தாள். ஆனால் மறுநாளும் அங்கேதான் வந்து நின்றாள்.

தவறே செய்ததில்லை என்று சொல்கிறவரை விட, ஊரே சிரித்தாலும் ஓடி வந்து தவறு செய்துவிட்டேன் என்று சொல்கிறவரை நம்பித்தான் நம் உயிரைக் கொடுக்க வேண்டும்.